ஒரு வரி பிரெஞ்சு

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் உப்பளத்துப் பழைய இரும்புக்கடைக்காரன் பாவாடைக்கு யோகம் அடித்தது. சுவர்களிலிருந்து பிடுங்கிய தகரப் பலகைகளையெல்லாம் மெட்ராஸ்காரர்கள் ஊர் ஞாபகமென்று அள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்படி வந்த தலைமையாசிரியர் ஒருவர் நீலப் பலகையொன்றைத் தூசி தட்டிப் பார்த்தார். "பிரெஞ்சுல என்னப்பா எழுதியிருக்கு?"

"அடக்கமா இருக்கணும்னு போட்டிருக்கு சார்."

"பிரமாதம்! எங்க பள்ளிக்கூட வாசல்லயே மாட்டிடறேன்." அங்கவஸ்திரத்தில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பாவாடைக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையை மறப்பானா? பத்து வயதில் அதன் கீழே நின்று சுவரை நனைத்தபோது, சிப்பாய் ஒருவன் முதுகில் நாலு போட்டுப் படித்துக் காட்டினான்: "இங்க மூத்திரம் பெய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு. அடக்கிக்கத் தெரியாதாடா, நாயே?"