அத்திபெலேக்குப் போன எலிகள்

என் மாமா கோழிக்கடை வேலையை விட்ட நாளில்தான் எங்கள் வீட்டுக் கொசுக்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஈஜிபுராவில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா கட்டட வேலைக்கென்று ஊர் ஊராகப் போய், ஏதோ ஓர் ஊரில் நின்றுவிட்டார். அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரி முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவள் சம்பளம் சாப்பாட்டுக்கு, மாமாவின் சம்பளம் வாடகைக்கு. மாமாவின் வேலை போனால் சாமானைக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அப்படியிருக்க, மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு பௌத்த சங்கத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, புரியாத பாஷையில் ஐந்து சீலங்களைத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் எங்களுக்கு விரல்விட்டு விளக்கினார். உயிரைக் கொல்லக்கூடாது, திருடக்கூடாது, தப்பு வழியில் போகக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, குடிக்கக்கூடாது. குடிப்பதற்கும் தப்பு வழிக்கும் உன்னிடம் காசு ஏது என்று அம்மா கேட்டாள். மாமா கோபப்படவில்லை. மறுநாள் கோழிக்கடைக்குப் போய்க் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து கையில் உட்கார்ந்த கொசுவை ஊதி அனுப்பினார். மூட்டைப்பூச்சியைப் பிடித்தால் காகிதத்தில் ஏந்திப்போய் வெளியே விட்டார். வெளியே என்பது பக்கத்து வீட்டு வாசல்.

"உன்னக் கடிச்சா நீ தர்மம் பண்ணிக்கோ. எம்பொண்ணக் கடிக்க நீ யாருடா பர்மிஷன் குடுக்க?" என்பாள் அம்மா.

மாமா அந்தக் கொசுவையும் ஊதி அனுப்புவார். ஏதோ ஒரு வேலைக்காகத்தான் பிறந்திருக்கிறேன், அது எதுவென்று மட்டும் தெரியவில்லை என்று என்னிடம் தனியாகச் சொல்வார். அந்த வேலை வாடகை தேதிக்குள் தெரிந்தால் நல்லது என்பது அம்மாவின் கட்சி.

கடைசியில் அம்மாவே முதலாளியின் வீட்டம்மாவைக் கெஞ்சிப் பேக்கரியில் வேலை வாங்கிக் கொடுத்தாள். "மைதா, சக்கர, டால்டா. ஒரு உயிரும் சாவாது. இதையும் விட்டீனா உன்ன நானே கொன்னுடுவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டாம் நாளே முதலாளி மாமாவின் கையில் எலிப்பொறியைக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் கேக்குக்காகக் கிடங்கில் மைதாவும் திராட்சையும் குவிந்திருந்தன. எலிகளுக்கும் அது தெரிந்திருந்தது. மூட்டை தூக்குவதோடு, காலையில் பொறியில் இருப்பதைப் பின்பக்கத்துத் தண்ணீர் டிரம்மில் முக்கிக் கொன்று எடுத்துக் குப்பையில் போட வேண்டும். முதலாளிக்கு எலி என்ற பேச்சே குமட்டும் என்பதால் விவரம் எதுவும் கேட்க மாட்டார். அதுதான் மாமாவுக்கு வழியாக இருந்தது. கேட்டால் பொய் சொல்ல முடியாது. கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எலிகளைப் பேக்கரிக்குப் பின்னாலிருந்த காலி மனையில் விட்டார். மதியத்துக்குள் அவை திரும்பி வந்துவிட்டன. அதிலொன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். மாமா அதை மரியாதையாகத்தான் சொல்வார். "பெரியவரு வந்துட்டாரு." இரண்டு தெரு தள்ளி விட்டாலும், ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் விட்டாலும் பெரியவர் வந்தார். மாமா யோசித்து, நகரத்துக்கு வெளியே எல்லையோரம் இருக்கிற அத்திபெலேயைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் பஸ் அதற்குமேல் போகாது. பஸ்ஸே திரும்பிவிடுகிற அவ்வளவு தூரத்திலிருந்து எலி எப்படி வரும் என்பது அவர் கணக்கு.

தினமும் போகமுடியாதே. அதனால் சிவாஜி நகரில் ஒரு பழைய கிளிக்கூண்டு வாங்கிக் கம்பிவலை சுற்றினார். வாரமெல்லாம் பிடிபட்ட எலிகள் எங்கள் அறையின் மூலையில் அதற்குள் குடியிருந்தன. பட்டினி போட்டால் அதுவும் கொலைதான் என்று உடைந்த பன் போடுவார். மிச்சமிருக்கும் உடைந்த பன்னை நான் தின்பேன். அந்த மாதம் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் சதை போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டின்மேல் அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு என்னையும் அழைத்துப் போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்திபெலேயில் பரோட்டா கிடைக்கும் என்பதால் போனேன். என்னை எதற்குக் கூட்டிப்போகிறார் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"நான் உன்ன எதுவும் சொல்லச் சொல்லலம்மா" என்றார். "கண்டக்டரு கேட்டா நான் ஜன்னல்ல பாத்துக்கினு இருப்பேன். அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் சீலம் எடுக்காதவர்கள் இரண்டு பேர். அம்மா வரமாட்டாள். மீதி நான்.

கண்டக்டர் கூண்டைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார். மாமா ஜன்னலைப் பார்த்தார். கிளி என்றேன். பேசுமா என்றார். சின்னக் கிளி, இன்னும் பேச்சு வரவில்லை என்றேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இப்போதுதான் பழகுகிறது என்றேன். அடுத்த ஞாயிறும் அதே கண்டக்டர். போன வாரக் கிளி என்ன ஆயிற்று என்று கேட்டார். கல்யாணமாகிப் போய்விட்டது, இது அதன் தங்கை என்றேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. அந்த பஸ்ஸில்தான் எனக்கு ஏதோ ஒன்று நன்றாக வருகிறது என்று தெரிந்தது.

அத்திபெலேயில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் போய் மாமா கூண்டைத் திறப்பார். பாவம், புது இடத்தில் பசியோடு அலையக்கூடாதென்று மில்லாகப் பார்த்து விட்டார். பன் தின்று பழகிய எலிகள் இறங்காது. கூண்டைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். பெரியவர்தான் கடைசியில் இறங்கினார். ஆனால் பத்து நாள் கழித்து அவர் மறுபடியும் பேக்கரிப் பொறியில் உட்கார்ந்திருந்தார். மாமா அன்று சாப்பிடவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிற உயிரைப் போய் எப்படி மறுபடியும் பஸ் ஏற்றுவது என்று கலங்கினார். ஆனாலும் ஏற்றினார்.

பெரியவரைத் தவிர மற்றவை குறைந்தன. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். சம்பளம் கூட்டித் தருவதாக வீட்டம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா புது வீடு பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் உடைந்த பன் வாங்க நான் பேக்கரிக்குப் போயிருந்தேன். மாமாவுக்குச் சீலம் சொல்லிக்கொடுத்த சங்கத்து அண்ணன், பௌர்ணமிக் கூட்டத்துக்கு பன் ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். மாமாவைக் காட்டி, இவர் எங்கள் ஆள் என்றார். முதலாளி பெருமையாக, "உங்க ஆளா? ஃபர்ஸ்ட் கிளாஸ் மேன். எலி கொல்றதுல இவன மிஞ்ச ஆளில்ல" என்றார்.

சங்கத்து அண்ணன் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா மைதா மூட்டையோடு அப்படியே நின்றார். அந்தக் கடையில் ஜன்னல் இல்லை.

சரி, இது என் வேலை என்று நினைத்தேன். "ஆமா அண்ணே, மாமாதான் கொல்லுவாரு. டிரம்முல முக்கி, மேல கல்லு வச்சிடுவாரு. அது குமிழி வுட்டுக்கினே செத்துப்பூடும். அப்புறம் வால்ல புடிச்சுத் தூக்கி வீசுவாரு" என்று கையால் வீசிக் காட்டினேன். இதுவரை சொன்னதிலேயே இதுதான் நல்ல பொய். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். சங்கத்து அண்ணன் முகம் இருண்டது.

மாமா மூட்டையை இறக்கி வைத்தார்.

"கொயந்த பொய் சொல்லுது சார்" என்றார். "ஒண்ணக்கூட கொல்லல. எல்லாத்தையும் அத்திபெலேல வுட்டுட்டேன்."

"அத்திபெலேல எங்க மேன்?"

"மில்லு பின்னால சார்."

முதலாளி எந்த மில் என்று கேட்டார். மாமா அடையாளம் சொன்னார். முதலாளி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நம்ம மைதா அங்கேருந்துதான் மேன் வருது."

பெரியவர் நடந்து வரவில்லை. லாரியில் வந்திருக்கிறார். முதலில் சிரித்தது சங்கத்து அண்ணன்தான். முதலாளி சிரிக்கவில்லை; கத்தவும் இல்லை. "நீ நல்லவன் மேன். ஆனா எனக்கு எலி சாகணும்" என்று சொல்லி, அதுவரைக்குமான சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டார். சங்கத்து அண்ணன் போகும்போது, "பௌர்ணமிக்கு வந்துடுப்பா" என்றார்.

அவ்வளவு அருமையான பொய்யை மாமா வீணாக்கிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. அவரோ சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஈஜிபுராவரை விசிலடித்துக்கொண்டே வந்தார். வேலை போனவர் எதற்கு விசிலடிக்கிறார் என்று புரியவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டு, திருப்பூர், சூரத், புனே என்று நானும் எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன். ஒரேயொரு தடவை அந்த விசில் எனக்கும் வந்தது.

அம்மா திட்டினாள். தெருவே கேட்கத் திட்டினாள். பார்த்துவைத்திருந்த வீட்டைச் சொல்லித் திட்டினாள். பிறகு அடுப்பை மூட்டி, மூன்று பேருக்கும் சோறு போட்டாள். சாப்பிட உட்கார்ந்தோம். அப்போது அம்மாவின் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிக்கக் கையை ஓங்கினாள். மாமாவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா ஓங்கிய கையை இறக்கி, கொசுவை ஊதிவிட்டாள்.

பாவம், திட்டித் திட்டி அம்மாவுக்கு அடிக்கக்கூடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.