மூன்று ரஷ்யர்களுக்கு ஒரு பூசை

பிலோமி டீச்சரின் வீட்டுக்குப் படிக்க வந்த இருவருக்கும் அவளைவிட வயது அதிகம். சிலுவைமுத்துவுக்கு நாற்பத்தாறு. குணசேகரனுக்கு நாற்பது, வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். இருவரும் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிறவர்கள். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதித் தேறிவிட்டால், மூட்டை சுமப்பதை விட்டு மூட்டை எண்ணும் வேலைக்குப் போகலாம். அதற்காக ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு ராயபுரத்தில் அவள் வீட்டுக்கு நோட்டும் பென்சிலுமாக வந்துவிடுவார்கள்.

அறிவியல் தாளில் விண்வெளியைப் பற்றி ஒரு கேள்வி எப்படியும் வரும். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. ஆனால் பிலோமியின் கணவன் அம்புரோஸ் விட்டுப்போன நோட்டில் அறுபது பக்கம் இருந்தது.

அம்புரோஸும் அந்த இருவரோடு ஒரே செட்டில் வேலை பார்த்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். ரஷ்யாக்காரன் முதல் செயற்கைக்கோளை விட்ட ஐம்பத்தேழாம் வருஷத்திலிருந்து, டீக்கடையில் படித்துக் கசங்கிய பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து, வானத்துச் செய்தி எதுவானாலும் கத்தரித்துச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டிவைப்பான். சில பக்கங்களைக் கரப்பான் அரித்திருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் பிலோமி பாடம் நடத்தினாள்.

எதைச் சொன்னாலும் இருவரும் அதைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிடுவார்கள். முதல் நாய் வானத்துக்குப் போன கதையைச் சொன்னபோது குணசேகரன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எறக்கறதுக்கு வயி இல்லாமயே அத்த ஏத்தி அனுப்சானுங்களா?"

"ஆமாண்ணே. அப்ப திரும்பி வர வழி கண்டுபிடிக்கல."

"அப்ப இத்த நான் எழுத மாட்டேன் டீச்சரு. மார்க்கு போனா போவுது."

நிலவுக்குப் போன மூவர் கதையில், இறங்கி நடந்த இரண்டு பேரை சிலுவைமுத்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலை விட்டு இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்த மூன்றாம் ஆளைத்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"அவந்தான் ஆளு," என்றார். "மேல ஒருத்தன் கண்ணு வச்சிகினு நின்னாதான் கீய எறங்கினவன் வூடு திரும்புவான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிலோமியும் சட்டென்று கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் அக்டோபரில், பழைய இரும்பு ஏற்றி வந்த ஒரு கப்பலில், சரக்கு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க அம்புரோஸ் தனியாக அடியறைக்குள் இறங்கினான். திரும்பி ஏறவில்லை. "மூச்சு முட்டிப் போச்சு" என்று மட்டும் அவளிடம் சொன்னார்கள். குளிப்பாட்டி, வேறு வேட்டி சுற்றித்தான் உடல் வீட்டுக்கு வந்தது. மூச்சுக்குத் துடித்தாரா, யாரையாவது கூப்பிட்டாரா என்ற கேள்வி அன்றிலிருந்து அவள் நெஞ்சில் மீன் முள்ளாகக் கிடந்தது. அவனைத் தேடி முதலில் இறங்கியவர் சிலுவைமுத்து என்று அவளுக்குத் தெரியும். அவர் ஆறு மாதமாக எதிரே உட்கார்ந்து பின்னக் கணக்கு போடுகிறார். அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நோட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பக்கம் அவன் சாவதற்கு மூன்று மாதம் முந்தியது. அதைப் பிரிக்க மனசு வராமல் மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டாள். நான்காம் ஞாயிறு, அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள், குணசேகரனே பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"இது இன்னா டீச்சரு, மூணு போட்டோ ஒண்ணாக் கீது?"

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இனித் தப்பிக்க முடியாது.

"ரஷ்யாக்காரங்க. வானத்துல வீடு மாதிரி ஒண்ணு கட்டி, மூணு வாரத்துக்கு மேல அதுல இருந்தாங்க. திரும்பி வர்றப்ப கலத்துல இருந்த காத்து வெளிய போயிடுச்சு. கலம் மட்டும் பாராசூட்ல பத்திரமா வந்து எறங்கிச்சு. வெளிய இருந்தவங்க கதவைத் தொறந்து பார்த்தா..."

அவள் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"உக்காந்த மேனிக்கே இருந்தாங்க," என்று சிலுவைமுத்து முடித்தார். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை.

வகுப்பில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இப்போது, "தங்கச்சி," என்றார்.

"மூடி வச்ச ரூமுல துருப்புடிச்ச இரும்பு காத்த தின்னுடும். அதான் மொதல் மூணு ரூமுக்கும் வெளக்க கயித்துல கட்டி எறக்கி, அணையுதான்னு பாத்தோம். அணையல. நாலாவதுக்கு அம்புரோஸுதான், 'மூணு நல்லாக் கீது, இது மட்டும் இன்னாவா இருக்கும்'னு வெளக்கு உடாமயே எறங்கிட்டான். நானும் சரின்னுட்டேன். மேல நின்னுகினு இருந்தவன் நானு. பீடி பத்த வைக்க அந்தாண்ட திரும்பினேன். அவன் கூப்டுவான்னு இருந்தேன். கூப்டல."

"அப்புறம்?"

"மூடியெல்லாம் தொறந்து வுட்டு, காத்து உள்ள போனப்புறம் எறங்கினேன். ஏணியாண்ட குந்திகினு இருந்தான். முதுகு ஏணில சாஞ்சிருந்துச்சு. கை ரெண்டும் மடில. மூஞ்சில ஒரு வலி இல்ல தங்கச்சி. தூங்குறான்னே நெனச்சேன். 'எய்ந்திரு மாமு, இன்னா இங்க வந்து தூங்கிகினுகீறே, சோம்பேறி'ன்னு திட்டினேன்." அவர் முகத்தை முழங்கையில் துடைத்தார். "கடேசியா அவன்கிட்ட சொன்னது அதான். அத்த எப்டி உன்கிட்ட வந்து சொல்றது?"

பிலோமி வெகுநேரம் அழுதாள். குணசேகரன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

"நானும் அப்படித்தாண்ணே திட்டுவேன்," என்றாள். "காலைல ரெண்டு தடவை சோம்பேறின்னு சொன்னாத்தான் எழுந்திருப்பாரு."

அந்தப் பக்கத்தின் அடியில் அம்புரோஸ் பென்சிலால் 'பூசை கொடுத்தாச்சு' என்று எழுதியிருந்தான். அதென்ன என்று குணசேகரன் கேட்டார். சிலுவைமுத்துவுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. செத்துப்போன மூன்று ரஷ்யர்களின் ஆத்துமாவுக்காகப் பூசை வேண்டுமென்று அம்புரோஸ் மாதா கோயிலில் போய் நின்றான். இவரும் கூடப் போயிருந்தார். பேர் என்ன என்று, பூசை நோட்டில் எழுதும் உபதேசியார் கேட்டார். அந்தப் பேர்கள் அவன் நாக்கில் புரளவில்லை. "வேலைக்குப் போய் வீடு திரும்பாத மூணு பேருன்னு எழுதிக்கங்க, கடவுளுக்கு ஆள் தெரியும்" என்றானாம்.

அன்று பாடம் நின்றுவிடவில்லை. அவள் சொல்லச்சொல்ல இருவரும் எழுதினார்கள். நாய்க்குத் தன் நோட்டில் இடம் தராத குணசேகரன் இதை ஒரு வரி விடாமல் எழுதினார்.

அக்டோபரில் அம்புரோஸுக்கு வருஷப் பூசை கொடுக்க பிலோமி கோயிலுக்குப் போனாள். சிலுவைமுத்து பக்கத்தில் நின்றார். மாதா கோயிலுக்குள் வந்து பழக்கமில்லாததால் கூச்சப்பட்டு, குணசேகரன் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்றார்.

"யாருக்கும்மா?" என்று உபதேசியார் கேட்டார்.

"அம்புரோஸ்," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அவரோட இன்னும் மூணு பேர். வேலைக்குப் போய் வீடு திரும்பாதவங்க."