பக்கத்து மேஜைக்காரரின் ஸ்லைடு ரூல்

என் மேஜை இழுப்பறையில், சட்டத்தை நகர்த்திக் கணக்குப் போடும் ஒரு ஸ்லைடு ரூல் கிடக்கிறது. கறுப்புத் தோல் உறையின் ஓரத்தில் தையல் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் பிரிவுக்குக் கால்குலேட்டர் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. ஆனாலும் எப்போதாவது வெளியே எடுத்து, அதன்மேல் நகரும் கண்ணாடியை இடது ஓரத்துக்குத் தள்ளுவேன். கண்ணாடியின் நடுவில் மயிரிழை போல ஒரு செங்குத்துக் கோடு உண்டு. மேல் எண் வரிசையின் ஒன்றும் கீழ் எண் வரிசையின் ஒன்றும் அந்தக் கோட்டின்மேல் சரியாக நிற்க வேண்டும். நிற்கும். உறைக்குள் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே சோதனையை இன்னொருவருடைய ஸ்லைடு ரூலில் செய்தேன். அதனால் இதை எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவும் கூடவே வருகிறது.

தாம்பரத்தைத் தாண்டி, பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு முதல் வேலை. உற்பத்தித் திட்டமிடும் அறையில் இரண்டே மேஜைகள். ஒன்று என்னுடையது. மற்றதில் இருந்தவர் மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சற்று மூத்தவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். பொறியாளர்களுக்கான மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். மேலாளர் இரண்டு விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல விட முடியாதும்மா. நுழைவுத் தேர்வுல யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்குத்தான் சம்பளத்தோட லீவு. இன்னொருத்தர் இங்கதான்” என்றார். சம்பளமில்லாமல் படிக்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. அவர் வீட்டிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை முதல் அந்த அறையில் காற்று வேறு மாதிரி இருந்தது.

எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அவரைப் பற்றியும் மனதுக்குள் வரிசை போட்டேன். வழக்கமாகத் தாமதமாக வருகிறவர் இப்போது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் எந்தப் பாடம் படிக்கிறேன் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார். தான் எதைப் படிக்கிறார் என்று கேட்டால், “நாம இன்னாத்த படிக்கிறது மேடம், சாமி கும்பிட்டுட்டு எழுத வேண்டியதுதான்” என்று சிரிக்கிறார். ஆனால் அவர் பையில் புத்தகங்கள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. நான் எதையாவது எழுதும்போது எட்டிப் பார்த்து, “மேடம் லிஸ்டுல நம்ம பேரு எத்தனாவது?” என்பார். அதற்கு நான் சிரித்ததில்லை. உண்மையிலேயே அவர் பெயர்தான் அதில் முதலில் இருந்தது.

தேர்வுக்கு முந்தின வாரம் நல்ல மழை. மூங்கிலில் செய்த ஸ்லைடு ரூல்கள் ஈரத்தில் ஊறி இறுகிவிடும். நடுச் சட்டம் நகராது. முகப்பவுடர் தூவித்தான் ஓட்டுவோம். அவருடையதற்குப் பவுடரும் உதவவில்லை. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துக் காய வைத்திருப்பதாகச் சொல்லி, ஒரே ஒரு ராத்திரிக்கு என்னுடையதைக் கேட்டார். கொடுக்க மனமில்லை. மறுக்க ஒரு நியாயமான காரணமும் தோன்றவில்லை. ஒரு ராத்திரி என்றவர் சனிக்கிழமை மதியம்தான், அரைநாள் வேலை முடிந்து கிளம்பும்போது, செய்தித்தாளில் சுற்றித் திருப்பித் தந்தார். “பத்திரமா வச்சிருந்தேன் மேடம்” என்றார். நான் கேட்காமலே அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோதித்தேன். மேல் வரிசையில் ஒன்பதில் கோட்டை வைத்தால் கீழ் வரிசையில் அதன் வர்க்கமூலமான மூன்று வரவேண்டும். கோடு மூன்றைத் தாண்டி நின்றது. ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். கீழே ஒன்றில் நின்ற கோடு மேலே ஒன்றை விட்டு விலகியிருந்தது. கண்ணாடி சாய்ந்திருக்கிறது. திருகாணிகளைத் தளர்த்தாமல் அது சாயாது. ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது லாபம் என்ற கணக்கு அந்தத் தேர்வில் கட்டாயம் வரும். அது வர்க்கமூலம் இல்லாமல் நகராது. கெடுக்க நினைக்கும் ஒருவன் கை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு நான் தேர்வுக்குப் போவதில் ஏற்கெனவே அவளுக்கு மனத்தாங்கல். “ஒரு ஆம்பள உங்கிட்ட சாமான் கடன் கேக்குறான்னா அவன் கண்ணு சாமான் மேலயாடி இருக்கும்?” என்றாள். அவளுடைய சந்தேகம் வேறு பாதையில் போனது. நான் என்னுடையதைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியை நேராக்கித் திருகாணிகளை முடுக்கினேன். பிறகு யோசித்தேன். அவர் வேண்டுமென்றே கெடுத்திருந்தால் அவருடைய ஸ்லைடு ரூல் சரியாக இருக்கும். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்னத் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தேர்வு நடந்த கல்லூரியின் வாசலில் அவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். வணக்கம்கூடச் சொல்லாமல், “சார், உங்க ஸ்லைடு ரூலைக் கொஞ்சம் காட்டுங்க” என்றேன்.

“இன்னா மேடம், காலங்காத்தால செக்கிங்கா?” என்றபடி கொடுத்தார்.

கண்ணாடியை ஓரத்துக்குத் தள்ளினேன். கோடு சாய்ந்திருந்தது. என்னுடையது சாய்ந்திருந்த அதே பக்கம், அதே அளவு. காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

“உங்களுது பஸ்ல கீழ விழுந்திடுச்சு மேடம். கண்ணாடி தனியா வந்துடுச்சு. என்னோடதைப் பக்கத்துல வெச்சு, அதே மாதிரி பாத்து முடுக்கினேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல.”

நம்பக்கூடிய பதில்தான். எங்கள் பட்டறையில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். சரியான உருப்படி ஒன்றை மாஸ்டர் என்று மேஜைமேல் வைத்துவிடுவார்கள். மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒட்டிவைத்துப் பார்த்தே முடுக்குவார்கள். அந்த மாஸ்டரை யாரும் சோதிக்கமாட்டார்கள். இவர் தன்னுடையதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூட்டியபோதே அது பிசகியிருக்கிறது. அதை மாஸ்டராக வைத்து என்னுடையதையும் பிசகாக முடுக்கியிருக்கிறார். கணக்கு சரியாக வந்தது. ஆனால் திட்டுக்குப் பயந்து மட்டும்தான் என்னிடம் மறைத்தாரா என்ற கேள்வி மட்டும் எந்த வரியிலும் அடங்காமல் நின்றது.

அவரைப் பிசகிய கருவியோடு உள்ளே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. திருப்புளியை எடுத்து, மதில்மேல் வைத்துத் திருகாணிகளைத் தளர்த்தினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி எதுவும் வரவில்லை. “சரியா இருக்குதா மேடம்?” என்று மட்டும் கேட்டார். “இருக்கு. நீங்களும் பாத்துக்குங்க” என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கூடத்தில் அவர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வர்க்கமூலக் கணக்கு வந்தது. நான் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய ஸ்லைடு ரூல் உறைக்குள்ளேயே இருப்பதைப் பார்த்தேன். அவர் லாக் டேபிளை, அந்த மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் சந்தேகம் மறுபடி எழுந்தது. ஸ்லைடு ரூலை நம்பக் கூடாது என்று முன்பே தெரிந்ததால்தான் அட்டவணையோடு வந்திருக்கிறாரோ? மணி அடித்தபோது அவர் கடைசிக் கணக்கின் நடுவில் இருந்தார். கண்காணிப்பாளர் தாளை அவர் கையிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது.

நான் அவருக்கு முன்னால் வந்தேன். அதிக வித்தியாசம் இல்லை. ஒரு கணக்கு அளவுதான்.

நான் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் தாம்பரம் ஸ்டேஷன்வரை வழியனுப்ப வந்தார். மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது கேட்டார்.

“ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்கு என்னோட ஸ்லைடு ரூலை வாங்கிப் பாத்தது, என்மேல சந்தேகப்பட்டுத்தான?”

“ஆமா சார்.”

அவர் சிரித்தார். “எனக்குத் தெரியும். எனக்கும் அதான் மேடம். நீங்க ஸ்க்ரூவைத் திருப்பினீங்களே, அப்போ வந்துச்சு. உள்ள போயி பாத்தேன். ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா நிக்குது. இருந்தாலும் நடுவுல எங்கனா எதுனா பண்ணி வெச்சிருப்பீங்களோன்னு ஒரு இது. அதான் பையில எப்பவும் கெடக்குற லாக் டேபிளை எடுத்தேன். பேஜாராப் பூடுச்சு, கடைசிக் கணக்குக்கு டைம் இல்ல.”

ரயில் வந்துவிட்டது. பெண்கள் பெட்டியின் வாசலில் ஏறி நின்றபடி, “அப்புறம் சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு சாயங்காலமே. நடு, ஓரம், எல்லா எடமும் பாத்தேன்” என்றார். “கரெக்டாத்தான் வெச்சிருந்தீங்க.”

படிப்பு முடிந்து நான் திரும்பியபோது அந்த அறையில் ஒரு மேஜை காலியாக இருந்தது. அவர் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறு வருடம் அவர் விண்ணப்பிக்கவே இல்லையாம். கால்குலேட்டரில் ஒன்பதின் வர்க்கமூலம் கேட்டால் உடனே மூன்று என்கிறது. அதை யாரும் ஓரத்துக்குத் தள்ளிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் இழுப்பறையைத் திறந்து, கோட்டை இரண்டு ஒன்றுகளின்மேலும் நிறுத்திப் பார்க்கிறேன். நிற்கிறது. பிறகு அங்கே நிறுத்திக்கொள்ளாமல், கண்ணாடியை மெல்ல நடுவரைக்கும் நகர்த்திப் பார்க்கிறேன்.