துருவி உருக்கிய சோப்பு

காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே சோப்பு செய்கிறேன். சென்ற ஆண்டு ஒருமுறை எண்ணெய் தனியே பிரிந்து, சோப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுந்துவிட்டன. வீணாக்க மனமில்லாமல் அதைத் துருவி, பால் ஊற்றி உருக்கி, மறுபடி அச்சில் வார்த்தேன். பார்க்க அழகாக வந்தது. சோதித்துப் பார்க்காமலே, பக்கத்து வீட்டில் பட்டு நெய்யும் செல்விக்கு இரண்டு கட்டி கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வந்தாள். "கை எரியுதுக்கா."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். போட்டுக்கினே வாம்மா, சரியாப்பூடும்" என்றேன். என் சோப்பைக் குறை சொல்கிறாளே என்று கோபம் வேறு.

என்னை நம்பித் தொடர்ந்து போட்டாள். ஒரு வாரத்தில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. சொரசொரத்த விரலில் பட்டு இழை சிக்கி அறுந்தது. அவள் பாதி நெய்திருந்த முகூர்த்தப் புடவையை வேறொருவர் உட்கார்ந்து முடித்தார். அந்த வெள்ளைப் புள்ளிகள், சோப்பு செய்யச் சேர்த்ததில் கரையாமல் தங்கிய, தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "எரியுதுன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா" என்றாள். அதன்பின் இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை.

இப்போது சோப்பை ஒரு மாதம் காயவைத்து, காரம் மிச்சமிருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்த்து, என் கையில் போட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். யாராவது எரிகிறது என்றால் வாதாடுவதில்லை. உடனே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.