ஒரே மூச்சில் கிடைத்த வேலை

சடுகுடுவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. இப்போது டீவியில் மெத்தை விரித்து ஆடுகிறார்களே, அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. முழங்கால் தோல் உரியாமல் அது என்ன ஆட்டம்? நாங்கள் அறுபதுகளில் கடலூர் மண்ணில் ஆடினோம். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் எதிர்க் கட்சிக்குள் போய், ஆளைத் தொட்டு, அதே மூச்சில் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் பாட்டு அறுந்தால் ஆள் அவுட். கடிகாரம் கிடிகாரம் எதுவும் கிடையாது. நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவுதான் ஆட்டம்.

அந்தக் காற்றுக்குப் பேர் போனவர் என் மச்சான். என் லாத்தாவைக் கட்டியவர். அக்காவை எங்கள் வீடுகளில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். மச்சான் பாடிப் போனால் எதிர்க் கட்சிக்காரனுக்குக் கொட்டாவி வந்துவிடும், அவ்வளவு நேரம் நிற்பார். நான் பாடுவதில் மட்டம். பிடிப்பதில் மட்டும் கில்லாடி. என் பிடியில் விழுந்த கணுக்கால் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், சாட்சிக்கு ஆள் யாரும் மிச்சமில்லை.

எங்கள் தெருவில் மீசை முளைத்த எல்லாரும் சபருக்குப் போவார்கள். சபர் என்றால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்ப் பிழைப்பது. போனவர்கள் வருஷக்கணக்கில் வர மாட்டார்கள். எங்கள் வாப்பா போனவர் வரவே இல்லை. மச்சானுக்கும் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. லாத்தாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. "உம்மா மாதிரி நானும் கடலப் பாத்துக்கிட்டே கெடக்கணுமா?" என்று அழுவாள். மச்சானுக்கும் போக இஷ்டமில்லை. ஆனால் உள்ளூரில் கிடைத்திருந்ததோ காண்ட்ராக்ட் வேலை. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்.

அந்த வேலை கடலூருக்கு வெளியே ஓர் ஆலையில். பேர் வேண்டாம். நான் அங்கே மூட்டை கட்டும் பிரிவில் இருந்தேன், நானும் காண்ட்ராக்ட்தான். மச்சானுக்குக் கல்நார் கொட்டகையில் வேலை. ஆலைக்குள் நீராவி ஓடும் குழாய்கள் நெருப்பாகக் கொதிக்கும். சூடு வீணாகாமல் இருக்க அவற்றின் மேல் கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸைப் பூசுவார்கள். சாக்கில் வெள்ளையாக, பஞ்சும் மாவும் கலந்த மாதிரி வரும். அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு, பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி பிசைந்து, வெறுங்கையால் குழாயில் அப்ப வேண்டும். காய்ந்து வெடித்த பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். உதிர்க்கும்போது கொட்டகைக்குள் பனி மூட்டம்தான், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. மச்சான் வீட்டுக்கு வரும்போது புருவம் எல்லாம் நரைத்திருக்கும். "கெழவன் வந்துட்டாரு" என்று லாத்தா சிரித்துக்கொண்டே சட்டையை வாங்கி வாசலில் உதறுவாள்.

அந்தக் கல்நார்தான் எங்கள் ஆலை டீமின் ரகசியம்! சடுகுடுவில் வியர்த்த உடம்பு வழுக்கும், பிடித்தால் நிற்காது. மற்ற டீம்காரர்கள் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொள்வார்கள். நாங்கள் கொட்டகையிலிருந்து ஒரு துணிப் பை நிறைய அந்த வெள்ளைத் தூளைக் கொண்டு போவோம். உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டினால் புகை மாதிரி எழும்பும். அப்புறம் பிடித்தால் பிடித்ததுதான். பாடப் போகும் முன் மச்சான் அந்தப் புகைக்கு நடுவில் நின்றுதான் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார்.

எங்கள் டீமில் ஒரு விசித்திரம் இருந்தது. கொட்டகையில் நிரந்தர வேலையில் இருந்த பழைய ஆட்கள் யாரும் பாடிப் போக மாட்டார்கள். பிடிக்க மட்டும் நிற்பார்கள். ஒரு காலத்தில் அவர்கள் எல்லாரும் பெரிய பாட்டுக்காரர்கள்தானாம். கொட்டகை மேஸ்திரி அப்படி ஒருவர். லாரியில் ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கும். "பர்மனென்ட் ஆனா ஒடம்பு சொகுசு கேக்குது, இல்ல மாமா?" என்று நான் சீண்டுவேன். "ஆமாண்டா, கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்று அவரும் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். நாங்கள் அதற்கும் சிரிப்போம்.

அந்தக் கோடையில் சிதம்பரத்தில் பெரிய ஆட்டம் வைத்திருந்தார்கள். ஆலை டீம் ஒவ்வொரு கட்டமாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஆலை அதிகாரிக்குச் சடுகுடுப் பைத்தியம். ஆட்டத்துக்கு முன்தினம் கொட்டகைப் பக்கம் வந்தார். எப்போது வந்தாலும் வாசலிலேயே நின்றுகொள்வார், மூக்கில் மடித்த கைக்குட்டை. உள்ளே வர மாட்டார். "பாரு, புதுப்பொண்ணு வந்து நிக்குது" என்று நாங்கள் எங்களுக்குள் கிண்டல் செய்வோம். கைக்குட்டைக்குள்ளிருந்தே மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் கப்பை கொண்டாந்துடு. உன்னை இங்கயே பர்மனென்ட் பண்ணிடறேன்."

அன்று மாலை வீட்டில் ஒரே அமர்க்களம். பர்மனென்ட் என்றால் சும்மாவா? லீவு உண்டு, பென்ஷன் மாதிரி பணம் உண்டு. கொட்டகை ஆட்களுக்குத் தொண்டையில் தூசி நிற்காமல் இருக்க ஆலையே தினமும் ஒரு கட்டி வெல்லம் கொடுக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்த வெல்லம் கிடையாது. லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெயிச்சுட்டு வாங்கடா. ஜெயிச்சா இவுங்க சபருக்குப் போகவேணாம்." ஜெயிக்காவிட்டால் அடுத்த கப்பல் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஆலை லாரியிலேயே கிளம்பினோம். பின்னால் காலிக் கல்நார்ச் சாக்குகள் கிடந்தன, அவற்றின் மேல் மெத்தை மாதிரி சாய்ந்துகொண்டு வெள்ளாறு தாண்டும்வரை பாட்டும் கூத்தும்தான். சிதம்பரம் மைதானத்தில் அப்பா, என்ன கூட்டம்! வேப்ப மரத்துக் கிளைகளில்கூட ஆள். சிதம்பரத்துக்காரர்கள் எண்ணெயே தடவாமல் விலாங்கு மாதிரி வழுக்கினார்கள். ஆனால் நாங்கள் பையைத் திறந்து தூளைத் தேய்த்த பிறகு ஒருவனும் வழுக்கவில்லை. அவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "சார், கையில என்னமோ பூசிருக்கானுங்க!" நடுவர் பையை வாங்கினார். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார், ஊதினார், தும்மினார். "மாவுதானய்யா. ஆடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

கடைசியில் இரண்டு கட்சிக்கும் புள்ளி சமம். நான் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறேன். மச்சானுடையதுதான் கடைசிப் பாட்டு. பிஸ்மில்லா சொல்லி மண்ணைத் தொட்டு உள்ளே போனார். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." ஒருவனைத் தொட்டார், திரும்பினார், அவ்வளவுதான், சிதம்பரத்துப் பூதம் ஒன்று அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டது. அடுத்தவன் இடுப்பை. இன்னொருவன் முதுகின் மேல். ஆள் குப்புற விழுந்தார். மேலே மலை மாதிரி உடம்புகள். அதற்கு அடியிலிருந்து பாட்டு மட்டும் வருகிறது!

நடுவர் மண்டி போட்டுக் குனிந்து மச்சான் வாயருகே காதை வைத்துக் கேட்கிறார். பாட்டு இருக்கிறது. நூலாக இருக்கிறது, ஆனால் அறவில்லை. கை மண்ணில் ஊர்கிறது. கோடு அதோ. எனக்கு என் நெஞ்சு வலிக்கிறது, பார்த்தால் நானும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "மச்சான், இன்னம் கொஞ்சம்! லாத்தாவ நெனைங்க மச்சான்!" என்று கத்தியதில் என் மூச்சு போய்விட்டது. அவர் மூச்சு போகவில்லை. நடுவிரல் நுனி கோட்டைத் தொட்டது. நடுவர் எழுந்து கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடினேன். எங்களைத் திட்டிக்கொண்டிருந்த சிதம்பரத்துக்காரர்களே மச்சானைத் தூக்கிச் சுற்றினார்கள். மேஸ்திரி மட்டும் ஓடி வர முடியாமல் பாதி மைதானத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை ஆலை வாசலிலிருந்து மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மூட்டைப் பிரிவு ஆள் ஒருவன், முன்னால் தகரம் தட்டிக்கொண்டு ஒரு கூட்டம். கல்நார் கொட்டகை வாசலில் இறக்கினோம். அதிகாரி கைக்குட்டையோடு அங்கேயே நின்று, கை கொடுத்து, முதல் வெல்லக் கட்டியைத் தந்தார். மச்சான் பாதியைக் கடித்து மீதியை என் வாயில் திணித்தார். அவ்வளவு இனிப்பான வெல்லத்தை அதற்கப்புறம் நான் தின்றதில்லை. பாஸ்போர்ட்டை லாத்தா பெட்டியின் அடியில் போட்டு மேலே பிள்ளைத் துணிகளை அடுக்கினாள்.

மச்சான் இன்னும் சில வருஷம் பாடினார். அப்புறம் பாடுவதை விட்டுவிட்டுப் பிடிக்க நின்றார். அப்புறம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டினார். மேஸ்திரி அதற்குள் மௌத்தாகிவிட்டிருந்தார், காசநோய் என்று சொன்னார்கள். நான் நல்ல வேளை அல்லது கெட்ட வேளை, ஆலையை விட்டுக் கடை வைத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துச் சிதம்பரத்தில் ஒரு டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மச்சான் நெஞ்சருகே குனிந்து குழலை வைத்துக் கேட்டார். "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். சொன்னோம். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது என்றும், அது பறக்கிற இடத்தில் ஈரத்துணியாவது மூக்கில் கட்டியிருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னபோதுதான் எனக்கு அந்தக் கைக்குட்டை நினைவு வந்தது. கிண்டல் செய்து சிரித்தோமே, அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெல்லம் கொடுத்தான்.

எங்கள் தெருவில் அந்த வருஷம் சபருக்குப் போனவர்கள் அப்போது ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். தலை நரைத்து, தொப்பை வைத்து, சாயங்காலம் கடலோரம் காற்று வாங்க நடந்து போவார்கள். மச்சானால் படுக்க முடியாது, படுத்தால் மூச்சு நின்றுவிடும். தலையணைகளை அடுக்கி, அதில் சாய்த்து உட்கார வைத்து, லாத்தா பின்னால் முதுகைத் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஜன்னல் வழியாக அவர்கள் போவதைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்.

"கப்பலுக்கு அனுப்பியிருந்தா, இவுங்களும் வந்திருப்பாங்கல்லடா?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதி வார்த்தையில் மூச்சு தீர்ந்துவிட்டது.