இரண்டாகக் கிழித்த பயிற்சிப் புத்தகம்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஏன் ரொம்ப நாள் ப்யூனாகவே இருந்தார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். என்னிடமே கேட்டிருக்கலாம். சொல்கிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீஸில் நானும் இன்னொரு ஆளும் ப்யூன்கள். அவர் என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. நீங்கள் பெரியவர்களை 'அவன்' என்று எழுதாதீர்கள். இரண்டு பேரும் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். நான் சாந்தோம், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாமியாரிடம் இங்கிலீஷ் படித்தவன் என்ற திமிர் எனக்கு. அவன் அடையாற்றங்கரைக் குடிசைக்காரன். துரைமார் பேசுவதைக் கேட்டே இங்கிலீஷ் பிடித்தவன் என்ற திமிர் அவனுக்கு. முதல் நாளிலிருந்தே எங்களுக்கு ஆகாது.

ஒரு நாள் துரை இருவரையும் கூப்பிட்டார். தபால் குமாஸ்தா வேலை காலி. அடுத்த மாதம் ஒரு பரீட்சை. இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுப்பார். அதைப் படித்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். நன்றாக எழுதியவனுக்கு நாற்காலி. மற்றவன் பழையபடி ஃபைல் தூக்க வேண்டியதுதான்.

அந்த மாதிரிப் பத்திகள் உள்ள பயிற்சிப் புத்தகம் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. காகிதத்துக்கே பஞ்சம். பழைய புத்தகக் கடையில் ஒன்றே ஒன்று கிடந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் மறுபக்கம் பிடித்தான். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். யாரிடம் இருப்பது என்று கடை வாசலிலேயே தகராறு. பத்திகள் எல்லாம் முன்பாதியில், கேள்விகள் எல்லாம் பின்பாதியில் இருந்தன. நடுவில் கிழித்தோம். பத்திகள் எனக்கு, கேள்விகள் அவனுக்கு. ஒருவன் இல்லாமல் மற்றவன் படிக்க முடியாது. அவ்வளவு நம்பிக்கை எங்களுக்குள்!

தினமும் காலையில் ஆபீஸுக்குப் போகுமுன் நொச்சிக்குப்பத்தில், கரையேற்றிய கட்டுமரங்களின் பக்கத்தில் உட்காருவோம். நான் பத்தியை உரக்கப் படிப்பேன், தாளைக் காட்ட மாட்டேன். அவன் கேள்வியைப் படிப்பான், அவனும் காட்ட மாட்டான். இருவரும் சிலேட்டில் விடை எழுதுவோம்.

மூன்றாம் நாளே எனக்குக் கெட்ட புத்தி வந்தது. எந்த வரியில் விடை இருக்கும் என்று தோன்றியதோ அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். அவன் தப்பாக எழுதினான். உடனே அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"காதுல என்னய்யா, மணலா?"

"நீ அதப் படிக்கவே இல்ல நைனா."

"படிச்சேன். உனக்கு ஏறல."

மறுநாளிலிருந்து அவன் ஒரு புதுச் சட்டம் போட்டான். "மூணு தபா படி. மூணு தபாவும் ஒரே மாதிரி வருதான்னு பாக்கறேன்." மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி வரி எண்ணிக்கொண்டு கேட்பான்.

அதோடு விட்டானா? புத்தகத்தில் இல்லாத கேள்விகளைத் தானே கட்டிவிட ஆரம்பித்தான். வியாபாரி குதிரை வாங்கிய கதையைப் படித்தால், குதிரைக்கு எத்தனை வயது என்பான். பத்தியை மேலும் கீழும் தேடுவேன். வயதே இருக்காது.

"இப்படி ஒரு கேள்வி கிடையாது!"

"பொஸ்தகத்துல கீது. உனக்குத் தெரிலன்னா கொஸ்டின் மேல பழி போடாத."

"எங்கே, காட்டு."

"நீ உன் தாளக் காட்டு மொதல்ல, பேமானி!"

கூடையோடு போன மீன்காரம்மா நின்றாள். "இன்னாய்யா, காலங்காத்தால பொஸ்தகத்த வச்சிக்கினு பொம்பளைங்க மாதிரி சண்ட போட்டுக்கினுகீறீங்க? நாங்ககூட மீன் வித்தாத்தான் அடிச்சிக்குவோம்."

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். விடை சட்டென்று கண்ணில் படாவிட்டால், 'பத்தியில் இல்லை' என்று இங்கிலீஷில் எழுதிவிடுவேன். பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருந்தது. மாதம் முடிவதற்குள் கை தானாக எழுதப் பழகிவிட்டது.

பரீட்சை நாள். கலங்கரை விளக்கம் ஒன்றைப் பற்றிய பத்தி. நாலு கேள்விக்கு மளமளவென்று எழுதினேன். ஐந்தாவது: அன்று ஏன் விளக்கு ஏற்றப்படவில்லை? தேடினேன், கண்ணில் படவில்லை. துரையும் விளையாடுகிறார் என்று சிரிப்பு வந்தது. 'பத்தியில் இல்லை' என்று எழுதிப் பேனாவை மூடினேன். அவன் இன்னும் விரலை வைத்துப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தான். அது மூன்றாவது தடவை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் துரை என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு மை. விடை பத்தியிலேயே இருந்திருக்கிறது: எண்ணெய் கொண்டுவந்த வண்டியின் மாடு வழியில் விழுந்துவிட்டதாம். அந்த ஒரு வரியில் வேலை போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே அவன் என்னை மணியடித்துக் கூப்பிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ கட்டிவிட்ட பொய்க் கேள்விதான்யா என்னக் கெடுத்துது."

"நீ முழுங்கின வரிதான் எனக்குச் சோறு போடுது. ஃபைல எடு."

எடுத்தேன். அந்த ஆபீஸில் இருந்தவரை அவனுக்கு நான் ஒரு வணக்கம் சொன்னதில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.