பூ எடுத்த காட்டில் விழுந்த மரம்

எங்கள் அப்பா வேலை முடிந்து வந்ததும் உட்கார மாட்டார். வாசலில் சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பார். உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மனசு வராது என்பார். சட்டையிலிருந்து மரத்தூளும் பெட்ரோலும் கலந்த வாசனை வரும். அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் அவர் காதில் விழும். இரண்டாவது தடவை கூப்பிட அம்மாவுக்கும் தெம்பு இருக்காது. அவளும் பகலெல்லாம் காப்பிக் காட்டில் குனிந்து நிமிர்ந்தவள்தானே. எங்கள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்ததற்குக் காரணம் அமைதி இல்லை, அலுப்பு.

எனக்கு அந்த அலுப்பெல்லாம் கண்ணில் பட்டதில்லை. கொட்டச்சேடு பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் கோடாலி பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மரம் அறுக்கும் மிசினைப் பிடிக்கிறவர் என் அப்பா ஒருத்தர்தான். பள்ளிக்கூடத்தில் என்னை 'மிசின்காரர் பொண்ணு' என்பார்கள். கலெக்டர் பொண்ணு என்று சொன்னாலும் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டேன்.

அந்த வருஷம் பங்குனியில் பூமழை நன்றாகவே பெய்தது. மழை விட்டுச் சில நாளில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. பூ எடுத்த காட்டுக்குள் ஆள் நடக்கவே கூடாது. தோள் பட்டுக் கிளை ஆடினாலும் பூ உதிரும், பூ உதிர்ந்தால் காய் இல்லை. அதனால் குறுக்கு வழியை விட்டுவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டு போவோம்.

அதே மழையோடு வந்த காற்றுதான் எங்கள் லைனுக்கு வினை வைத்தது. லைன் என்பது எஸ்டேட் ஆட்களுக்காகச் சுவரோடு சுவராகக் கட்டிய வரிசை வீடுகள். அதன் கோடியில், கடைசி வீட்டுக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே, பட்டுப்போன பெரிய சில்வர் ஓக் மரம் ஒன்று நின்றது. காற்றில் அதன் அடியில் விரிசல் விட்டுவிட்டது. இன்னொரு காற்று அடித்தால் அதுவாகவே விழுந்துவிடும், யார் தலையில் என்று சொல்ல முடியாது. பூ கொட்டிக் காய் பிடிக்கும்வரை காத்திருக்கவும் வழியில்லை. மேட்டுப் பக்கம் கரண்டுக் கம்பி, பள்ளத்தில் குடிதண்ணீர்த் தொட்டி. மரத்தைச் சாய்ப்பதென்றால் இரண்டே பக்கம்தான். ஒன்று காப்பி, இன்னொன்று கோடி வீடு.

ஆட்களை மேய்க்கிற ரைட்டர் வந்து பார்த்தார். முதலாளி சேலத்தில் இருந்தார். முதலாளியின் கோபம் மட்டும் ரைட்டரோடு எப்போதும் கூடவே வரும்.

"காப்பிப் பக்கம் ஒரு கிளை சாயக் கூடாதப்பா. லைன் பக்கமாவே சாச்சுப்போடு. ஓடுதானே, பின்னால மாத்திக்கலாம்" என்றார்.

"ஊட்டுல கைப்புள்ள இருக்குதுங்க" என்றார் அப்பா.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வரச் சொல்லு. நானும் மேல பதில் சொல்லோணுமில்ல?"

அப்பா சரிங்க என்றார். அதற்கு மேல் அவர் ரைட்டரிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் 'பின்னால' எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, எப்போதோ அடித்த ஒரு காற்றில் ஓடு பறந்த ஒரு கூரைக்குப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் தாளுக்கு அடியில் பிறந்த பையன் என்னோடு பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தான்.

கோடி வீட்டில் இருந்தவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உறவெல்லாம் இல்லை, லைனில் அப்படித்தான். அவருடைய வீட்டுக்காரர் லாரியோடு போனால் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அத்தைக்கும் என் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யார் வீட்டுக் கோழி யார் கூடையில் முட்டை வைத்தது என்று ஆரம்பித்த சண்டை. கோழி குழம்பாகி வெகு நாளாகியும் சண்டை மட்டும் உயிரோடு இருந்தது. அதனால் அந்த வீடு உடையப் போகிறது என்றபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பா வேலை செய்வதை லைனே கூடி நின்று பார்க்கப்போகிறது என்ற சந்தோஷம்தான்.

மறுநாள் காலையில் லைன் மொத்தமும் ரோட்டோரத்துக்கு வந்துவிட்டது. சட்டி பானை, பாய், ஆடு, அடைகாக்கிற கோழி கூடையோடு. சாமான்களை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் அதன் மேலேயே சாய்ந்துகொண்டார்கள். வேலையில்லாத நாளில்கூட வேலை. அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகச் சாமான்களைத் தூக்கி வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே போய்த் தவலையை வாங்கி ரோட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

மரத்தின் உச்சிக்குக் கீழே கயிறு கட்டி, என் மாமாவும் நாலைந்து பேரும் லைன் பக்கமாக இழுத்துப் பிடித்து நின்றார்கள். ரைட்டர் கரண்டுக் கம்பத்தை ஒட்டி மேலேயே நின்றுகொண்டார். அப்பா மிசினைக் கிளப்பாமல் மரத்தடியில் வெகு நேரம் நின்றார். மாமா கயிற்றை விட்டுவிட்டு வந்து ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். மாமா தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். அதற்கப்புறம் மிசின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

மரம் முறிகிற சத்தம் முதலில் வந்தது. "ஓரம் போங்க!" என்று அப்பா கத்தினார். மாமா பிடித்திருந்த கயிறு கை நழுவித் தரையில் விழுந்தது. மரம் அவசரமில்லாமல் திரும்பி, பூத்துக் கிடந்த காப்பிக்குள் போய் நீட்டிப் படுத்துக்கொண்டது. பூ அத்தனையும் எழும்பி விழுந்தது. அந்த வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

"ஐயோ, அப்பா தப்புப் பண்ணிட்டாரு!" என்று நான் வாய்விட்டே கத்தினேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயைப் பொத்தியது. கோடி வீட்டு அத்தை.

"சும்மா இரு சாமி" என்றார்.

ரைட்டர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். நசுங்கிய செடிகளைப் பார்த்தார். பிறகு வெட்டிய அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அங்கேயே நின்றார். கத்துவது நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்தார், லைனைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, "மிசினை ஆபீசுல கொண்டாந்து வெச்சிரு. நாளையிலிருந்து கோடாலிய எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேலே என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது.

செம்மநத்தத்திலிருந்து வேறு ஒருவர் மிசின் பிடிக்க வந்தார். அப்பா அந்த மரத்தையே கோடாலியால் துண்டு போட்டு, பிளந்து, விறகாக அடுக்கினார். முன்னைவிட அதிகமாக அலுத்துப்போய் வந்தார். பள்ளிக்கூடத்தில் என் பெயர் பழையபடி என் பெயராகிவிட்டது. எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மரம் விழுந்த அன்று சாயங்காலம் லைனில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்தது. பிளாஸ்டிக் கூரை வீட்டிலிருந்து அவரைக்காய்ப் பொரியல், இன்னொரு வீட்டிலிருந்து தயிர். கடைசியில் கோடி வீட்டு அத்தை களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்து வாசலில் நின்றார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, உள்ளே வர வழிவிட்டு நகர்ந்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எழவு வீட்டுக்குத்தான் இப்படிச் சோறு வரும் என்று எனக்குத் தெரியும். தோற்றுப்போனதற்கா சோறு போடுகிறார்கள் என்று அவமானமாக இருந்தது. நான் சாப்பிட மாட்டேன் என்றேன். அன்று யாருக்கும் என்னைக் கெஞ்சுவதற்குத் தெம்பில்லை.

கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு வேப்பமரத்தை மிசினால் அறுத்தார்கள். அறுக்க வந்தவர் முதலில் மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வாய் பிளந்த மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தார். ஏனுங்க அப்படி என்று கேட்டேன். "வாய் வெச்ச பக்கந்தானுங்க மரம் போவும். கயிறெல்லாம் ஒரு தொணைக்குத்தான்" என்றார். எனக்கு எங்கள் லைன் கோடியில் இருந்த அடிமரம்தான் ஞாபகம் வந்தது. அந்த அடிமரத்தில் வெட்டியிருந்த பள்ளத்தில்தான் நாங்கள் புளியங்காய் வைத்துத் தின்போம். அதில் உட்கார்ந்தால் எதிரே காப்பிச் செடிதான் தெரியும். லைன் முதுகுப் பக்கம் இருக்கும். கேட்கலாமென்றால் அப்போது அப்பா இல்லை.

ஆனால் நான் ஒரு தடவை கேட்டுத்தான் இருந்தேன். அந்தக் கிண்ணங்களெல்லாம் காலியான பிறகு, அவர் பக்கத்தில் போய், ஏன்ப்பா இப்படித் தப்பா விழுந்துச்சு என்றேன். அவருக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

"கை சோந்து போச்சு கண்ணு" என்றார்.

நான் அதை நம்பினேன். கோபம் போகவில்லை, இருந்தாலும் அப்பாவாயிற்றே. விளக்கெண்ணெயை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து, எந்தக் கைப்பா என்று கேட்டேன்.

அப்பா தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது கையை நீட்டினார். எங்களைத் தலைகுனிய வைத்த கை அதுதான் என்று, நான் அதைப் பிடித்து வலிக்க வலிக்கத் தேய்த்துவிட்டேன்.